மாரியில் ஒரு லொறி வீடு

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சின்ன லொறி நிற்கிறது. இங்கே எல்லோரும் 'பட்டா' என்று சொல்லும் டாட்டா ஏஸ் ரகம். பின்பெட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதன்மேல் இரும்புக் குழாயை வளைத்து, தகரமும் தறப்பாளும் போட்டுக் கூடு அடித்திருக்கிறேன். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் மாசி மாதம் வரைக்கும் கிழமைக்கு இரண்டு மூன்று இரவுகள் நானும் மகளும் அதற்குள்தான் படுப்போம். கருவாடு வாங்குவதற்காகக் கல்பிட்டி, கண்டக்குளி, உடப்புப் பக்கத்து வாடிகளுக்குப் போகிற எங்களுக்கு அதுவே கடை, அதுவே வீடு.

"லொறிக்குள் படுக்கிற பொம்பிளை" என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. முதலில் கேட்டபோது அழுதேன். இப்போது அழுவதில்லை. அந்த லொறி என் பெயருக்கு எப்படி வந்தது, மாரியில் அதற்குள் எப்படி இருக்கிறோம் என்பதை எழுதினால் என்னைப் போன்ற சகோதரிகள் சிலருக்காவது உதவும் என்று இந்தப் பத்திரிகையைச் சேர்ந்த ஒருவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரும் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டோம். ஏறக்குறைய 75,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. மன்னார்த் தீவில் இருந்த எங்களை வள்ளங்களில் ஏற்றினார்கள். மழையும் காற்றுமான மாரிக் கடல். கல்பிட்டிக் கரையில் இறங்கியபோது உம்மாவின் ஒரு கையில் தம்பி, மறு கையில் உடுப்புப் பை. வேறொன்றும் இல்லை. எங்கே போகிறோம், எவ்வளவு நாளைக்கு என்று எங்களிடம் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

முகாமில் முதலில் எங்களுக்குக் கிடைத்தது தறப்பாள் கொட்டில். பகலில் வேகும். மழை இரவுகளில் உள்பக்கம் வியர்த்து, விடியப்புறம் எங்கள் முகத்தில் சொட்டுச் சொட்டாக விழும். மழைதான் ஒழுகுகிறது என்று நினைத்தோம். தறப்பாளில் ஓட்டையைத் தேடினால் ஓட்டை இருக்காது. பக்கத்தில் கிடுகு வேய்ந்த கொட்டிலில் அப்படி ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு உம்மா, நிவாரண அரிசியில் ஒரு சுண்டைக் கொடுத்துக் கிடுகு வாங்கி, தறப்பாளுக்குக் கீழே ஒரு அடுக்குக் கட்டினார். சொட்டுவது நின்றது. உம்மா எழுத்து வாசனை இல்லாதவர். அவர் அன்று செய்த வேலை இருபது வருடங்களுக்குப் பிறகு என் லொறிக்குப் பயன்பட்டது.

1998இல் எனக்குக் கலியாணம் நடந்தது. கணவரும் எங்களைப்போல இடம்பெயர்ந்தவர். அவருடைய ஊர் முசலிப் பக்கம். உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் எங்களுக்கும் பாலாவிக்கு அப்பால் ஒரு கல்வீடு அமைந்தது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அந்த வருடக் கடைசியில் லீசிங்கில் இந்த லொறியை எடுத்தார். கருவாட்டு வியாபாரத்துக்கு என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். ஊருக்குத் திரும்பிப் போகத்தான் எடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

2010 டிசெம்பரில் போனோம். அனுராதபுரம், மதவாச்சி சுற்றி மன்னார் வீதியால் போய்ச் சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டது. வீட்டைக் காணவில்லை. இருபது வருடக் காடு. கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் "இதுதான் எங்கட வளவு" என்று கணவர் சொன்னார். தங்குவதற்கு இடமில்லை. ஆள் இல்லாத காணியைத் திரும்பி வந்தவர் காணி என்று யார் பதிவார்கள்? அதனால் கிணற்றடியில் லொறியை நிறுத்தி, பின்பெட்டிக்குமேல் தறப்பாளைக் கட்டி, கணவரும் நானும் ஆறு வயது மகளுமாக அதற்குள் படுத்தோம். பகலில் காடு வெட்டுவது, இரவில் லொறி. இருபத்துமூன்று இரவுகள்.

அந்த மாரி கடுமையாக இருந்தது. வாடைக்காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் போகும். ஒரு இரவு மகளுக்கு நடுக்கம். நான் சட்டியில் சிரட்டைக் கரியை மூட்டி, நன்றாகக் கனன்ற பிறகு பெட்டிக்குள் எடுத்து வைத்தேன். புகை இல்லைத்தானே என்று நாலு பக்கமும் தறப்பாளை இறுக்கிக் கட்டினேன். சூடு இதமாக இருந்தது. நித்திரையாகிவிட்டோம். நடுச்சாமத்தில் மகள் சத்தி எடுத்தாள். எனக்குத் தலை பிளந்தது. கணவர் எழும்பப் பார்த்து முழங்காலில் விழுந்தார். எப்படியோ கையை நீட்டிக் கயிற்றை அறுத்தார். வெளியே மழைக்குள் மூவரும் படுத்துக் கிடந்தோம். மகள் சத்தி எடுத்திராவிட்டால் விடியும்போது மூன்று மையித்துகள்.

கரி எரியும்போது காபன் மொனொக்சைட்டு என்றொரு வாயு வரும் என்று பிறகு மருத்துவத் தாதி ஒருவர் விளங்கப்படுத்தினார். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி, மயக்கம், சத்தி, அதற்குமேல் நித்திரையிலேயே மரணம். புகை இல்லாத நெருப்பு ஆபத்தில்லாதது என்று நானும் நம்பியிருந்தேன். சகோதரிகளே, பிள்ளை பெற்ற அறையில் கரிச்சட்டி வைக்கிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. கதவையும் யன்னலையும் மூடிக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். லொறியானாலும் கொட்டிலானாலும் கல்வீடானாலும் ஒன்றுதான்.

காட்டை வெட்டினோம். சின்னக் கொட்டில் ஒன்றும் போட்டோம். ஆனால் மகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை, தொழில் இல்லை. புத்தளத்தில் பாதி, முசலியில் பாதி என்று ஓடினோம். "நீங்கள் எந்த ஊர் ஆட்கள்?" என்று இரண்டு இடத்திலும் கேட்டார்கள். புத்தளத்தில் மன்னார் ஆட்கள், மன்னாரில் புத்தளத்து ஆட்கள். பதில் சொல்லிச் சொல்லியே கணவர் களைத்துப்போனார். 2014 ஆனி மாதம் நெஞ்சுவலி வந்து மவுத்தானார்.

நான் இத்தாவில் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போக முடியாது. லீசிங்கில் எட்டுத் தவணை பாக்கி. மூன்றாவது மாதம் படலையடியில் ஆள் வந்து நின்றார். காக்கா திரைக்கு அப்பால் இருந்து சொன்னார், "லொறியைக் குடுத்திரு தங்கச்சி. பொம்பிளைக்கு லொறி என்னத்துக்கு? குடுத்தா கடனும் முடியும், பேச்சும் முடியும்."

காக்கா கெட்டவரல்ல. என் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அன்று இரவு நான் கணக்குப் பார்த்தேன். நாற்பது தவணைக்கு மேல் கட்டியாகிவிட்டது. கட்டியதில் என்னுடைய தையல் காசும் இருந்தது. வளவை விட்டு வந்தோம், வீட்டை விட்டு வந்தோம், இதையும் விட்டுவிட்டால் நான் என்னதான் வைத்திருக்கப் போகிறேன்? மறுநாள் உம்மா எனக்குப் போட்ட இரண்டு காப்பையும் தம்பியிடம் கொடுத்து விற்கச் சொன்னேன். பாக்கியைக் கட்டினேன். இத்தா முடியும்வரை காக்காவின் மகன் லொறியை ஓடி, வந்த கூலியில் பாதியைத் தந்தான்.

பெயரை மாற்றுவதுதான் பெரிய பாடு. மார்க்கப்படி என் மகளோடு மாமிக்கும் மச்சானுக்கும் அதில் பங்கு உண்டு. நான் நேரே போய்க் கேட்டேன். "என் மகன் உன்னை நம்பித்தானே பிள்ளையை விட்டுட்டுப் போனான்" என்று சொல்லி மாமி கையெழுத்து வைத்தார். மச்சானின் பங்குக்கு இரண்டு வருடத்தில் காசு கொடுத்துத் தீர்த்தேன். மரணச் சான்றிதழ், பதிவுப் புத்தகம், பங்காளிகளின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எத்தனையோ தடவை பஸ் ஏறினேன். கடைசியில் வந்த புத்தகத்தில் என் பெயர் இருந்தது. கல்வீட்டுப் பத்திரத்தில்கூட என் பெயர் தனியாக இல்லை. என் பெயர் மட்டும் எழுதப்பட்ட முதல் சொத்து இந்த லொறிதான். ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஓடி ஓடிப் படித்தவர்கள் நாங்கள்.

முப்பத்தைந்து வயதில் ஓடப் பழகினேன். முதல் தடவை பின்னுக்கு எடுக்கும்போது தடியைத் தட்டி, சோதனையில் தவறினேன். இரண்டாம் தடவை சித்தியடைந்தேன்.

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகக் காற்றில் எங்கள் பக்கத்து வெளிக்கடல் கொந்தளிக்கும். மாரி பிறந்தால் அது அடங்கும். கரைவலை இழுப்பு, வாடிகளில் ஆட்கள் எல்லாம் அப்போதுதான். விடியப்புறம் கரையில் நிற்பவருக்கே நல்ல சாமான். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து திரும்பிப் போனால் டீசலுக்கே இலாபம் போய்விடும். பெண்களுக்கு அங்கே தங்க அறை இல்லை. அதனால்தான் லொறிக்குள் படுக்கத் தொடங்கினோம்.

மாரி லொறிக்குப் பகை. முதல் வருடம் கூரையை வெறும் தகரத்தில் அடித்தேன். முகாமில் நடந்த அதே கதை. விடிய எழும்பினால் படுக்கை நனைந்திருக்கும். நித்திரையில் நாங்கள் விடும் மூச்சில் நிறைய நீர் இருக்கிறது. அது குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகிறது. உம்மாவை நினைத்துக்கொண்டு தகரத்துக்குக் கீழே ஒரு அடுக்குக் கிடுகு கட்டினேன். அதோடு எவ்வளவு மழையானாலும் பின்கதவுக்கு மேலே ஒரு சாண் இடைவெளியைத் திறந்தே வைப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே காய்ந்திருக்கும். தறப்பாளை நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவாகக் கட்ட வேண்டும். தட்டையாகக் கட்டினால் நடுவில் குளம் கட்டி, பாரத்தில் கிழியும்.

படுக்கையைப் பெட்டியின் இரும்பில் நேரே விரித்தால் கீழிருந்து குளிர் ஏறும். பலகைச் சட்டம் ஒன்று அடித்து நாலு விரல் உயர்த்தி, அதன்மேல் சாக்கு, பாய், பிறகு போர்வை. தை மாதத்து இரவில் இங்கே இருபது பாகை செல்சியசை ஒட்டித்தான் குளிர் இறங்கும். ஆனாலும் ஈரமும் வாடையும் சேர்ந்தால் எலும்பு வலிக்கும். லொறியின் முகத்தை வாடைக்கு நேரே, வடக்குப் பார்த்து நிறுத்தினால் பின்பக்கம் நனையாது. தென்னைக்குக் கீழே நிறுத்தக்கூடாது. ஒரு தேங்காய் போதும். களப்புக் கரையில் வெளித்தோற்றத்துக்கு இறுகிக் கிடக்கும் உப்புத் தரையில் மழைக் காலத்தில் இறக்கவே கூடாது. மேலே தகடுபோல இருக்கும், கீழே சேறு. ஒருமுறை புதைந்து, ட்ரக்டர் பிடிக்க நாலு நாள் உழைப்புப் போனது. சமையல் எப்போதும் வெளியே, தறப்பாளை நீட்டிக் கட்டிய இறக்கத்தின் கீழே. வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, பழைய எஞ்சின் ஒயில் பூசுவேன். இல்லாவிட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் மலசலகூடம். பள்ளிவாசல், கோயில், பெற்றோல் செட், தெரிந்த குடும்பம் இருக்கும் வாடி, இவற்றில் ஒன்று பக்கத்தில் இல்லாத இடத்தில் நாங்கள் இரவு தங்குவதில்லை. பின்கதவுக்கு உள்ளிருந்து போடும் பூட்டு. லொறியின் முகம் எப்போதும் பாதையைப் பார்த்து, புறப்பட ஆயத்தமாக. உடப்பில் ஒரு வாடியில் இருக்கும் தமிழ் அக்கா எங்களுக்காக வாசலில் லாம்பைக் கொளுத்தி வைப்பார். அவருடைய மகன் யுத்தத்தில் காணாமல் போனவன். அந்த வெளிச்சத்துக்கு அருகில் நின்றால் எனக்குப் பயம் இல்லை.

மன்னாரில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதி ஒருத்தி. தமிழ்ப் பிள்ளை. மண்டபம் முகாமில் பல வருடம் இருந்துவிட்டுக் கனடாவுக்குப் போனவள். 2016இல் பேஸ்புக்கில் என்னைத் தேடிப் பிடித்தாள். நான் லொறியின் படத்தை அனுப்ப, அவளும் ஒன்று அனுப்பினாள். பெரிய பிக்கப் வாகனம், அதன் பின்பெட்டியில் ஒரு குட்டி வீடு. 'ட்ரக் கெம்பர்' என்று அதற்குப் பெயராம். கட்டில், அடுப்பு, சூடாக்கி எல்லாம் உள்ளே. வேண்டாதபோது நாலு மூலையிலும் ஜாக்கி வைத்துக் கழற்றி விடலாம். அவளுடைய கணவர் மாரியில் அதை எடுத்துக்கொண்டு, உறைந்துபோன சிம்கோ ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போவாராம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. குழாயில் தண்ணீர் இருந்தால் உறைந்து வெடித்துவிடும் என்று குளிருக்கு முன்பே வடித்துவிடுவார்களாம்.

"உள்ளே சொட்டுமா?" என்று நான் கேட்டேன். "ஐயோ, அதுதான் பெரிய கரைச்சல். பனி கொட்டினாலும் கூரை யன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைக்கிறோம்" என்றாள். கரிவாயு வந்தால் சத்தம் போடும் கருவி ஒன்றும் உள்ளே பூட்டியிருக்கிறார்களாம். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு காசு போட்ட வீட்டிலும் உம்மாவின் கொட்டிலிலும் ஒரே பிரச்சினை.

"நீங்கள் ஆசைக்குப் போகிறீர்கள். எங்களுக்கு வேறு வழியில்லை" என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கே போவது, எப்போது திரும்புவது என்று உனக்கு யாராவது சொல்கிறார்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நீயும் உன் விருப்பத்துக்குத்தான் போகிறாய்" என்றாள். அதை நான் பல நாள் நினைத்துப் பார்த்தேன். 1990இல் என்னை ஏற்றினார்கள், இறக்கினார்கள். இப்போது சாவி என் கையில். இரண்டும் ஊர் விட்டு ஊர் போவதுதான். ஆனால் ஒன்றல்ல.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பேரழிவில் புத்தளம் மாவட்டத்திலும் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. எங்கள் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. வெள்ளம் பெருகுமுன்பே லொறியை மேட்டுக்கு எடுத்துவிட்டேன். ஓடும் தண்ணீருக்குள் வாகனத்தை இறக்கக்கூடாது. இரண்டடி ஓட்டம் இருந்தால் எந்தச் சின்ன வாகனத்தையும் புரட்டிவிடும். "லொறிக்குள் படுக்கிற பொம்பிளை" என்று சொன்ன அயல்வீட்டு ராத்தா தன் மருமகளோடும் கைக்குழந்தையோடும் முதல் ஆளாக வந்து ஏறினார். பெண்களும் பிள்ளைகளுமாக எட்டுப் பேர். படுக்க இடமில்லை, இருந்தபடியே இரண்டு இரவுகள். குழந்தை நடுங்கியது. கரிச்சட்டி இருக்கிறதா என்று ராத்தா கேட்டார். இல்லை என்று சொல்லி, குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து, இருந்த போர்வை எல்லாவற்றையும் சுற்றிக் கட்டினேன். பின்கதவை ஒரு சாண் திறந்து வைத்தேன். மழைத் தூவானம் அடித்தது. யாரும் மூடச் சொல்லவில்லை. கிடுகுக் கூரை ஒரு துளி சொட்டவில்லை.

மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. அவளும் ஓடப் பழகுகிறாள். அடுத்த மாரிக்கு முன் முசலி வளவில் ஒரு அறையாவது கட்டிவிட வேண்டும் என்று சல்லி சேர்க்கிறோம். அதுவரைக்கும் அங்கே போனால் கிணற்றடியில் லொறியை நிறுத்திப் படுக்கிறோம். கணவர் முதல் நாள் நிறுத்திய அதே இடம். புத்தளமா, மன்னாரா என்று கேட்பவர்களுக்கு இரண்டும்தான் என்று சொல்கிறேன்.

என்னைப்போல யாராவது சகோதரி கணவரின் வாகனத்தையோ வள்ளத்தையோ விற்றுவிடச் சொல்லி நெருக்கப்படுகிறாரென்றால், ஒரு இரவு இருந்து கணக்குப் பாருங்கள். விற்பதுதான் சரி என்று கணக்குச் சொன்னால் விற்றுவிடுங்கள். ஆனால் கணக்கை நீங்கள் பாருங்கள்.